யார் உங்களுக்குச் சொன்னது

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது றுகையா சாப்பாட்டு மேசையின் முன்னால் அந்த நீலக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். காலை எட்டேகால் மணி. படையினர் தேடுதலுக்கு வந்திருக்கிறார்கள், எல்லோரும் அடையாள அட்டையோடு வீட்டிலேயே இருக்கவும், கதவுகளைத் திறந்து வைக்கவும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து தொடங்குகிறார்களாம். அவர்களுடைய வீடு நான்காம் குறுக்கில் இருந்தது.

கணவன் காலிதீன் பின்வாசலால் உள்ளே வந்தான். கையில் தீப்பெட்டி.

"இன்னும் என்னத்த யோசிக்கிற? தா இஞ்ச. அஞ்சு நிமிசத்தில சாம்பலாக்கிருவன்."

"பொகை வரும் மச்சான்."

முந்தாநாள் அடுத்த வட்டாரத்தில் ஒருவர் பழைய அரபுக் கிதாபுகளைக் கொல்லையில் போட்டு எரித்திருக்கிறார். புகையைப் பார்த்து ஜீப் நேராக அந்த வீட்டுக்குத்தான் போனது. என்னத்தை எரித்தாய் என்று பின்னேரம் வரைக்கும் கேட்டார்களாம். எரிந்து போன பிறகு எதைக் காட்டுவது? காலிதீன் தீப்பெட்டியைச் சாரத்தின் மடிப்பில் செருகிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தான். உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து மூன்று கிழமைகள் ஆகியிருந்தன. ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. சமையலறையில் இறைச்சி வெட்டும் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோப்பில் இருபத்திரண்டு வரைபடங்கள் இருந்தன. எல்லாம் றுகையா கீறியவை. நீர்ப்பாசன அலுவலகமொன்றில் பன்னிரண்டு வருடங்களாகப் படவரைஞராக இருப்பவள் அவள். வாய்க்காலும் மடையும் கீறிப் பழகிய கை. அதனால் ஒவ்வொரு தாளிலும் வடக்கு நோக்கிய அம்புக்குறி, அளவுத்திட்டம், இலக்கமிட்ட அறைகள், ஓரத்தில் விளக்கம் எல்லாமே ஒழுங்காக இருந்தன. குளத்தின் அடியில் புதைந்துபோன ஒரு பழைய அரசனின் களஞ்சியம், அதன் கீழே சுரங்கங்கள். அவளும் அலுவலகத் தோழி கிருசிகாவும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஆடும் விளையாட்டின் உலகம் அது. 'அறை 6: காவல் இருவர். விளக்குத் திரி மாற்றும்போது கவனம் சிதறும்.' 'அறை 9: எண்ணெய்ப் பீப்பாக்கள். தீ வைத்தால் கூரை இடியும்.' 'இந்தச் சுவர் பொய். பின்னால் வழி உண்டு.' இவ்வளவு காலமும் அவள் ஆசையோடு எழுதிய வரிகள். இன்று அவற்றைத் தேட வருகிறவனின் கண்ணால் வாசித்துப் பார்த்தாள்.

அதைச் சொல்லித் தந்தவன் அவளுடைய தம்பி நிப்றாஸ். மூன்று வருடங்களுக்கு முன், இரண்டாவது தடவையும் கரு தங்காமல் அவள் விடுமுறையில் வீட்டில் கிடந்த நாட்களில், கட்டாரிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கதைப்பான். அங்கே அவன் தங்கியிருந்த இடத்தில் பிலிப்பீன்ஸ்காரர் சிலர் வெள்ளிக்கிழமைகளில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். பலகை கிடையாது. ஒருவர் உலகத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஒரு ஆளாக நடப்பார்கள். எந்த வகை வாங்குவது என்று அவள் கேட்டதற்கு அவன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"புதுசு வேணாம் ராத்தா. புதுசுல எல்லாத்தையும் புத்தகமே சொல்லிரும், முன்னூறு பக்கம். பழைய முறைதான் ஒங்களுக்குச் சரி. அறுபது பக்கம், மிச்சத்த நீங்கதான் கீறணும். முதல் கதவிலயே ஆள் செத்துரும், திரும்பி வராது. ஆனா பத்து நிமிசத்தில இன்னொரு ஆள உண்டாக்கிக்கலாம்."

கடைசி வரியை அவன் யோசிக்காமல்தான் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அதை அச்சடித்து அனுப்பு என்றாள். கட்டாரிலிருந்து வந்த பெட்டியில், பால்மா டின்களுக்கு நடுவில் ஆறு விதமான பகடைகளும் ஒரு மெல்லிய புத்தகமும் வந்தன.

கிருசிகா அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தொழில்நுட்ப உதவியாளர். காரைதீவுப் பிள்ளை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைபுத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எந்த வாய்க்கால் அக்கா?" என்று கேட்டாள். றுகையா விளக்கினாள். தனக்கும் அப்படி ஒன்று வேணும், எதில் தொடங்கலாம் என்று கேட்டபோது தம்பி சொன்னதையே திருப்பிச் சொன்னாள். பழைய முறை. மெல்லிய புத்தகம். நிறையக் கதைக்க வேண்டும், நிறையச் சாக வேண்டும். கிருசிகா முதல் நாளே முதல் கதவில் செத்துப்போனாள். தவறான மடையைத் திறந்து அறை முழுக்கத் தண்ணீர். பிறகு அவள்தான் விடாமல் வந்தாள். ஒவ்வொரு கிழமையும் நடந்ததை உருண்டையான கையெழுத்தில் எழுதி அந்தக் கோப்பிலேயே செருகினாள். 'காவலுக்கு நின்றவர்களை ஏமாற்றிக் கீழே இறங்கினோம். ஒருவரை இழந்தோம். அடுத்த சனி வடக்குப் பக்கம்.'

கடைசியாக ஆடியது ஏப்ரல் இருபதாம் திகதி. அடுத்த நாள் மட்டக்களப்பில் வெடித்தபோது கிருசிகாவின் பெரியம்மா மகள் யசோதினியின் குடும்பம் தேவாலயத்தில் இருந்தது. அவளுடைய ஒன்பது வயது மகள் இன்னும் ஆஸ்பத்திரியில். றுகையா மூன்று தடவை போன் எடுத்தாள். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது.

பூட்ஸ் சத்தம் தெருவில் கேட்டது. அவள் கோப்பை மூடி, மறைக்காமல், மேசையின் நடுவிலேயே வைத்தாள்.

ஆறு பேர் வந்தார்கள். நான்கு ஆமிக்காரர், ஒரு பெண் பொலிஸ், சீருடை இல்லாமல் கட்டம் போட்ட சேட் அணிந்த ஓர் அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரலாமா என்று தமிழில் கேட்டார். அந்த மரியாதைதான் றுகையாவுக்கு அதிகம் பயமாக இருந்தது. மற்றவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், அரிசிப் பீப்பாவுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார்கள். அவர் கோப்பைத் திறந்தார். ஒரு தாளைப் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. பிறகு கையை உயர்த்தினார். அலுமாரிப் பக்கம் நின்றவர்கள் அசையாமல் நின்றார்கள்.

"இது யார் கீறினது?"

"நான்."

"எந்த இடம்?"

"அப்படி ஒரு இடமில்ல சேர். அது வெளையாட்டு."

அவர் தலையசைத்தார். ஒன்பதாம் அறையின் குறிப்பை விரலால் தொட்டு, உதடு அசைய மெதுவாக வாசித்தார். தமிழ் எழுத்தும் தெரியும்.

"இந்த விளையாட்டு யார் உங்களுக்குச் சொன்னது?"

"என்ட தம்பி."

"தம்பி எங்க?"

"கட்டார்ல."

பெண் பொலிஸ் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். கட்டார் என்று எழுதும்போது பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவன் சொல்லியிருக்கிறான். அவள் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறாள். கிழமைக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கூடியிருக்கிறார்கள். அவள் சொல்லப்போகும் ஒவ்வொரு உண்மையும் அந்தப் புத்தகத்தில் வேறொன்றாகத்தான் விழும் என்று றுகையாவுக்குப் புரிந்தது.

"தம்பி ஏன் உங்களுக்கு இதச் சொன்னார்?"

"எனக்கு அப்ப சொகமில்ல."

"என்ன சுகமில்ல?"

காலிதீன் தரையைப் பார்த்தான். அவள் சொன்னாள். இரண்டு தடவை என்றாள். எத்தனை மாதம் என்றும் அவர் கேட்காமலே சொன்னாள். பெண் பொலிஸின் பேனா நின்றது. அவர் மாத்திரம் முகம் மாறாமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

"இது வேற கையெழுத்து. 'அடுத்த சனி வடக்குப் பக்கம்.' யார் இது?"

பெயரைச் சொன்னால் கிருசிகாவின் வீட்டுக்கும் போவார்கள். அந்த வீட்டில் இப்போது இருக்கிற துயரத்துக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால்? அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்ப் புள்ள சேர்," என்றான் காலிதீன். "கிருசிகா. காரைதீவு. இவவோட ஒண்டா வேலை செய்யிற புள்ள. கேட்டுப் பாருங்க, தமிழ்ப் புள்ள."

தமிழ், முஸ்லிம் அல்ல என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டான். றுகையாவின் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. அதே கணத்தில் முகம் சூடானது.

அவர் அவளுடைய போனை வாங்கினார். மூன்று கிழமைகளாகப் பதில் வராத அந்த மூன்று அழைப்புகளையும் பார்த்தார். ஒன்றும் பேசக்கூடாது என்று றுகையாவிடம் சைகை காட்டிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். மணி அடித்தது. ஐந்து. ஆறு. எடுக்கமாட்டாள் என்று றுகையா நினைத்தாள். எடுக்கக்கூடாது என்றும் நினைத்தாள்.

"ஹலோ," என்றது கிருசிகாவின் குரல். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

அவர் தான் யார் என்று சொன்னார். சனிக்கிழமைகளில் இந்த வீட்டுக்கு வருவது உண்மையா என்று கேட்டார்.

ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் வந்து போனது.

"ஓம்."

"வந்து என்ன செய்யிறது?"

"விளையாடுற."

"ஒன்பதாவது அறையில என்ன நடந்தது?"

"அதுல நான் செத்துப்போனன். நாலாவது தரம்."

ஆமிக்காரரில் ஒருவன் தலையை நிமிர்த்தினான். அவர் தாள்களைப் புரட்டினார்.

"பதினாலாவது அறையில என்ன இருக்கு?"

"தெரியாது. அந்தக் கதவ நாங்க இன்னும் திறக்கல்ல."

அவர் பதினாலாம் அறையின் குறிப்பை வாசித்தார். பிறகு றுகையாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் குறைந்ததா கூடியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இந்த அம்மா உங்களுக்கு யார்?"

"ஒண்டா வேலை செய்யிறம்," என்றாள் கிருசிகா. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பைல்ல இருக்கிற எழுத்து என்ட. நான் வந்து கையெழுத்து வைக்கணுமெண்டா வாறன்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அழைப்பு நின்றது.

கோப்பையும் பகடைகளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு எடுத்துப் போனார்கள். அடுத்த நாள் பத்து மணிக்கு றுகையாவும் கிருசிகாவும் பொலிஸுக்கு வர வேண்டும்.

அடுத்த நாள் றுகையா போனபோது கிருசிகா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். றுகையா உட்கார்ந்தபோது இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் இருக்கலாம் போல இடம் இருந்தது.

"யசோதினிட புள்ளைக்கு எப்படி?"

"ரெண்டாவது ஒப்பரேசன் முடிஞ்சிது. கண் ஒண்டு சரிவராதாம்."

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் தட்டியது.

"நான் மூணு தரம் எடுத்தன்."

"தெரியும். அடிக்கக்குள்ள பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்." கிருசிகா கைப்பையின் வாரைச் சுற்றினாள். "எடுத்து என்னத்தக் கதைக்கிற?"

றுகையா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏன் அக்கா என்ட பேரச் சொன்னீங்க?"

காலிதீன்தான் சொன்னார் என்று அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அது பொய்யும் அல்ல.

"அவர்தான் சொன்னார். ஆனா அவர் சொல்லக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்திச்சி."

"தமிழ்ப் பேர் எண்டதாலயா?"

"ஓம்."

கிருசிகா சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

நேற்று வந்த பெண் பொலிஸ்தான் வாக்குமூலம் எழுதினாள். ஒவ்வொரு கேள்வியையும் அரைகுறைத் தமிழில் கேட்டு, பதிலைச் சிங்களத்தில் எழுதினாள். பழைய முறை என்றால் என்ன, புதிய முறை என்றால் என்ன, யார் வெல்வது என்று கேட்டாள். யாரும் வெல்வதில்லை, உயிரோடு வெளியே வந்தால் போதும் என்று றுகையா சொன்னாள். பெண் பொலிஸ் அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கிருசிகாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

கிருசிகா நாடியை உயர்த்தி றுகையாவைக் காட்டினாள். "இவ."

"ஏன் சொன்னது?"

"நான் கேட்டன்," என்றாள் கிருசிகா. "அவவா வந்து சொல்லல்ல. எனக்கும் ஒண்டு வேணும், எதில தொடங்குற எண்டு நான்தான் கேட்டன். அப்படியே எழுதுங்க."

பெண் பொலிஸ் எழுதினாள். கிருசிகா அவள் எழுதி முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கள எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒரு சொல்லும் விடுபடக்கூடாது என்பதுபோல. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். கோப்பு கொழும்புக்குப் போகும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். போகலாம் என்றும் சொன்னார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. கிருசிகா ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். றுகையா பஸ்ஸில் ஏறினாள். காரைதீவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பஸ் வெறுமையாக முன்னே போய் நின்றது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மோட்டார் சைக்கிள்கள் ஓரமாக, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கிருசிகாவின் ஸ்கூட்டியும் அவற்றில் இருந்தது; அவளுடைய அட்டையைப் பார்த்தவன் சட்டென்று கையசைத்துப் போகவிட்டான்.

பெண்கள் வரிசையில் றுகையாவுக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் கைப்பையைக் கவிழ்த்து மேசையில் கொட்ட வேண்டியிருந்தது. சீப்பு, மாத்திரை, சாவி, மடித்த தாள்கள். றுகையா அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். தடைக்கம்பிகளுக்கு அப்பால், வாகை மர நிழலில், ஸ்கூட்டி நின்றிருந்தது. கிருசிகா ஒரு காலை நிலத்தில் ஊன்றியிருந்தாள். தனக்காகக் காத்திருக்கிறாளோ, ஹெல்மெட்டின் பட்டியைத்தான் சரிசெய்கிறாளோ என்னவோ. முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று, இங்கிருந்த இரைச்சலில் கேட்கவில்லை. வரிசை இன்னும் ஒரு ஆளால் நகர்ந்தது.