சந்தனம் பூசிய லைசென்ஸ்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபின் லைசென்ஸுக்கு நானே என் கையால் சந்தனம் பூசிச் சாகடித்தேன்.

பூந்தமல்லி தாண்டிய பொறியியல் கல்லூரி, 1997. நான் லேப் அசிஸ்டென்ட் அருள்தாஸ். ஞாயிறானால் மாதா கோயில். பூஜைப் பொரி என்றால் வரிசையில் முதல் ஆள். இருபது கம்ப்யூட்டரிலும் வரைபட மென்பொருள் ஓட, சர்வரின் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு லாக் செருகியிருக்க வேண்டும். அதுதான் லைசென்ஸ். எல்லோரும் கீபோர்டுக்குப் பொட்டு வைக்கிறார்கள், உழைப்பது இதுவல்லவா என்று எனக்கு நியாயம் பொங்கிவிட்டது. கழற்றினேன். குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்துத் திரும்பச் செருகினேன்.

திங்கட்கிழமை இருபது திரையிலும் ‘லைசென்ஸ் இல்லை’.

வியாழக்கிழமை அரியர் பிராக்டிகல். எழுதப்போவது ஒருத்திதான்: ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் கஸ்தூரி. தேறினால் ஒரு கம்பெனியில் வேலை. தேதி தள்ளினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

லாக்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் டீலர் தேவராஜிடம் போனேன். “ஈரம் போல” என்றேன்.

“பாக்கலாம் சார். டீ சாப்புடுறீங்களா?”

செவ்வாய்: “பாம்பேக்கு சொல்லிகீறோம் சார்.” டீ.

அன்று மாலை கஸ்தூரி லேப் வாசலில் நின்றாள். “சார், எக்ஸாம் நடக்குமா, நடக்காதா?”

“பாக்கலாம்மா.”

சொன்ன பிறகுதான், அப்படியே தேவராஜின் குரல் என்று உறைத்தது. அவராவது டீ கொடுத்தார்.

புதன்கிழமை அவர் அறையைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்குப் போனேன். ரிப்பேர் பார்க்கும் பஞ்சவர்ணம் லென்ஸை மாட்டிக்கொண்டு லாக்கைப் பிரித்து வைத்திருந்தார்.

“ஈரம் இல்ல மேடம். நான்தான் சந்தனம் வெச்சேன்.”

“குங்குமம் வேற கீது. மால போடலையா?”

“அந்த சைஸ்ல கிடைக்கல.”

அவர் சிரிக்கவில்லை. கஸ்தூரியின் கதையைச் சொன்னேன். “நாளைக்குள்ள சரியாகுமா மேடம்?”

“ஆவாது சார். உள்ள மொத்தமும் பூட்ச்சி. புச்சு வர நாப்பது நாளு. எங்க ஓனரு இத்த சொல்ல மாட்டாரு. டெமோ காட்ற லாக்கு ஒண்ணு என்னாண்ட கீது, ஒரே ஒரு மிஷின்லதான் ஓடும். அந்தப் பொண்ணுக்கு அது போதும். கையெழுத்து போட்டு எத்துகினு போங்க.”