ஆடிக்கு முந்திய வியாழன்

திங்கட்கிழமை காலை ஹவுன்ஸ்லோவில் பஸ்ஸை விட்டு இறங்கி, டையைச் சரிசெய்தபடி கம்பனி வாசலுக்குப் போன கணேசலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். கதவில் புதுப் பூட்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கம்பனி வங்குரோத்து. வெள்ளிக்கிழமை பின்னேரம் "திங்கள் சந்திப்போம்" என்று சிரித்துக் கைகாட்டிய முதலாளி, சனி ஞாயிறுக்குள் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்.

கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். அவர்களுக்குப் போனது வேலை. கணேசலிங்கத்துக்குப் போகப் பார்த்தது நாடு. கட்டடங்களுக்கு இரும்பு உத்தரம் கணக்குப் போடுகிற என்ஜினியராக, வேர்க் பேமிட் என்கிற வேலை அனுமதியில், 1985 டிசம்பரில் லண்டனுக்கு வந்தவர் அவர். பேமிட்டில் இருந்தது அவருடைய பெயர்தான். ஆனால் அதன் உயிர் கம்பனியின் கையில் இருந்தது. வேறு இடத்தில் வேலை செய்வதென்றால் அந்த முதலாளி புதுப் பேமிட் எடுக்கவேண்டும். அது வரும்வரை ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. இப்படியே நாலு வருஷம் பிசகில்லாமல் ஓடினால் நிரந்தர வதிவிட உரிமை. அதற்கு இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி இருந்தது.

கோலியர்ஸ் வுட் வீட்டில் செய்தியைக் கேட்ட மனைவி தவநாயகி நெஞ்சில் கையை வைத்தபடி படியிலேயே இருந்துவிட்டாள். அவளுக்கு உடனே வந்தது பிள்ளைகள் இரண்டினதும் முகம்தான். ஊரில் அப்போது யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே விளங்காத காலம்.

"இஞ்சருங்கோ, எல்லாரும் செய்யிற மாதிரி நாங்களும் அசைலம் கேட்டா என்ன?"

"விசர்க் கதை கதையாதையும். நான் வேலைக்கு வந்தனான். அகதியா வரேல்லை."

நாலு பேர் கூடுகிற இடங்களில் எல்லாம் இதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்த மனிதர். வேலை போன அன்றுகூட அந்த மிடுக்கு மட்டும் போகவில்லை.

அடுத்த கிழமையே கடவுள் கண் திறந்தார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். டூட்டிங்கில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா, கணேசலிங்கத்தைக் கூப்பிட்டு வேலை தந்தார். பேமிட்டுக்கும் உடனே விண்ணப்பித்தார். தங்கமான மனிதர். டெலிபோனில் மட்டும் யாழ்ப்பாணத்துக்குக் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்துவார்.

ஜூலை நடுப்பகுதி வந்தது. பேமிட் வரவில்லை. டெலிபோன்தான் வந்தது.

"தம்பி, பேமிட் அதின்ர பாட்டில வரட்டும். ஆனா வாற திங்கள் ஆடி பிறக்குது. ஆடியில தொடங்கின வேலை உருப்படுமே? வியாழக்கிழமை நல்ல நாள். நாளுக்கு வந்து கதிரையில ஒருக்கா இருந்திட்டுப் போம். பேந்து பேமிட் வந்தாப்போல வேலைக்கு வாரும்."

"பேமிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாதண்ணை."

"உம்மை ஆர் வேலை செய்யச் சொன்னது? நாளுக்குத்தானே!"

நியாயம்தானே? எங்கள் ஆட்கள் புது வீட்டில் நாளுக்குப் பால் காய்ச்சிவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து மாதக்கணக்கில் இருப்பார்கள். நாளுக்கு ஏடு தொடக்கிய பிள்ளை பிறகு ஆறுதலாகத்தான் பள்ளிக்கூடம் போகும். நாளுக்குச் செய்வதை ஒருவரும் செய்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. கணேசலிங்கத்துக்கும் அதற்குமேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. வீட்டில் எழுந்த ஒரே சந்தேகம், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் சுபநேரம் யாழ்ப்பாணத்து நேரமா லண்டன் நேரமா என்பதுதான். தவநாயகி கணக்குப் பார்த்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை கணேசலிங்கம் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனார். மேசையில் புதுத் தாள் விரித்திருந்தது. மேல் மூலையில் பிள்ளையார் சுழி போட்டு, அடிமட்டம் வைத்து ஒரேயொரு உத்தரத்தைக் கீறினார். எல்லோரும் கைதட்டினார்கள். வடையும் தேத்தண்ணியும் வந்தன. புறப்படும்போது ஸ்ரீஸ்கந்தராஜா வெற்றிலையில் ஒரு பத்துப் பவுண் நோட்டை வைத்து நீட்டினார்.

"எதுக்கண்ணை இது?"

"வைச்சுக்கொள்ளும். நாளுக்குச் சம்பளம். தொடங்கின அண்டைக்கு வெறுங்கையோட போகக் கூடாது."

தவநாயகி அந்த நோட்டைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். அதைச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆடி பாதியில் பேமிட் வந்தது. வந்த பிறகுதான் கணேசலிங்கம் உண்மையாக வேலைக்குப் போனார். நாட்கள் ஓடின. டிசம்பரில் நாலு வருஷம் நிறைந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போய், நேரில் வரச்சொல்லிப் பதிலும் வந்தது. குடும்பத்தின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போனார். மார்கழி பிறந்து மூன்றாம் நாள் அது. அங்கே அழைத்தவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இல்லை என்று தவநாயகி முணுமுணுத்தாள்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். நல்ல முகம். கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உங்கள் முதலாளியோடு ஒரு வார்த்தை பேசி உறுதிப்படுத்திக்கொண்டால் முடிந்தது."

கணேசலிங்கத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அண்ணை தன்னைப் பற்றிக் குறைவாகச் சொல்லவா போகிறார்? மனம் அதற்குள் கோலியர்ஸ் வுட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் டெலிபோனில் பேசினாள். எப்போதிருந்து உங்களிடம் வேலை செய்கிறார் என்று கேட்டாள். ரிசீவரை மீறிக்கொண்டு அண்ணையின் ஆங்கிலம் கண்ணாடிக்கு வெளியே வந்தது.

"ஜூலை பதின்மூன்று! வியாழக்கிழமை! மிக நல்ல நாள்! அன்றைக்கே சம்பளமும் கொடுத்தேன்!"

அவளுடைய பேனை நின்றது. பேமிட்டில் இருந்த திகதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நன்றி சொல்லி டெலிபோனை வைத்தாள்.

"பேமிட் கிடைக்க முதலே வேலை செய்தீர்களா?"

"இல்லை. அது வேலை இல்லை." நாலு வருஷமாக இங்கிலாந்தில் ஆங்கிலம் பேசியவருக்கு 'நாளுக்கு' என்பதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. "அது ஒரு வழக்கம். நல்ல நாளில் தொடங்குவது."

"தொடங்கினீர்களா?"

"ஓம்... யெஸ்."

"மேசையில் இருந்தீர்களா? வரைந்தீர்களா?"

"ஒரு கோடு."

"அதற்குப் பணம் தந்தார்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணைதான் ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டாரே. அதோடு, பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கியதை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து, மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பாஸ்போர்ட்டுகளை யன்னலுக்குக் கீழால் தள்ளினாள். அனுமதி இல்லாமல் கூலிக்கு வேலை செய்திருக்கிறீர்கள், விண்ணப்பத்தை ஏற்க முடியாது, விசாவும் நீட்டப்படாது, ஜனவரி பத்தாம் திகதிக்குள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றாள். நிரந்தரம் கேட்கப் போன மனிதர், இருந்ததையும் கொடுத்துவிட்டு எழும்பினார். ஒரே ஒரு கோடு. அதையும் அடிமட்டம் வைத்து நேராகக் கீறியிருந்தார்.

வெளியே டெலிபோன் பெட்டிக்குள் நின்று ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கூப்பிட்டார்.

"அண்ணை, ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்ன தம்பி? பழைய கம்பனி பூட்டினதுக்கும் எங்களிட்ட வந்ததுக்கும் இடையில கனநாள் சும்மா இருந்த மாதிரித் தெரியக் கூடாதெண்டு, உமக்கு நல்லதுக்கெல்லோ சொன்னனான்!"

நடந்ததைக் கேட்டதும் அந்தப் பெரிய குரல் முதல்முறையாக அடங்கிப்போனது. பிறகு கேட்டது அழுகைதான். கோபிக்கவும் ஆளில்லாமல் கணேசலிங்கம் டெலிபோனை வைத்தார்.

போகிற வழியில் ஒரு லோயரிடம் ஏறினார். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்றார் லோயர். வீடு வந்து சேர்ந்தபோது தவநாயகி வாசலிலேயே நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டாள். சாமிப்படத்துக்கு முன்னால் அந்தப் பத்துப் பவுண் நோட்டு அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அழவில்லை. அவள் அழாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தினையாம் திகதிக்குள்ள போகட்டாம்?"

"பத்தாம் திகதி."

அவள் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். கை தன்பாட்டில் புரட்டியது. பயணம் என்றால் இருபது வருஷமாக அவள் அதைத்தான் செய்து வந்திருக்கிறாள். மேல்மாடியில் பிள்ளைகள் இருவரும் இங்கிலீசில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தை பிறக்கிறது பதினாலாம் திகதியெல்லோ," என்றாள் தவநாயகி, பஞ்சாங்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் மார்கழி, பயணம் போக ஒரு நல்ல நாளும் இல்லையே, அப்பா."