ஒரு பச்சைக்கு ஒரு கார்

என் நண்பன் லெஸ்ஸின் சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்பக்க இடது மூலை என்னுடையது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சொல்லிவிட்டான்: "டேய் கிளாரி, கூலிக்கு வர்றவன் எவனும் என்னைத் தூக்கக் கூடாது. நம்ம ஆளுங்களோட நீ தூக்கு. கீழ போட்டாலும் பரவால்ல."

அதற்காகத்தான் அன்று கழுத்தை நெரிக்கும் டையோடு கார் ஓட்டினேன். பக்கத்தில் அவன் தங்கை நோரீன். முன்னால் லெஸ்ஸை ஏற்றிய வண்டி. பின்னால் பெட்டி தூக்கும் மற்றவர்களின் கார்கள்.

மெல்பர்னில் ஃப்ரீவேக்கு ஏறும் பாதையிலேயே சிக்னல் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். ஒரு பச்சைக்கு ஒரு கார்தான் ஏறலாம். கும்பலாக ஏறினால் மேலே நெரிசலாகிவிடுமாம். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டுத் தாகம் தீர்த்தேன் என்கிறவனை நான் நம்புகிறவனில்லை.

பச்சை விழுந்தது. லெஸ் போனான். உடனே சிவப்பு.

"ஒட்டிக்கிட்டே போய்யா!" என்று நோரீன் கத்தினாள். "சாவு ஊர்வலம் இது. லைட் போட்டுட்டுத்தானே வர்றோம்?"

"இப்ப எல்லாப் பயலும் பகல்லயே லைட் போட்டுத்தான் ஓட்டுறான். சிக்னல்ல ஃபைன் போடுற கேமராவுக்கு எழவு தெரியுமா, கல்யாணம் தெரியுமா?"

அடுத்த பச்சையில் பக்கத்து வரிசை பிக்கப்காரன் எங்களுக்குக் குறுக்கே பாய்ந்தான். ஒரு கையில் பர்கர், மறு கையில் நடுவிரல். ஸ்டியரிங்கை எதால் பிடித்தானோ, நாய்ப்பயல்.

மேலே ஏறியதும் தூரத்தில் நீளமான கறுப்பு வண்டி தெரிந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அது நேராக ஏர்போர்ட் வாசலில் போய் நின்றது. கோல்ஃப் மட்டைப் பையோடு ஒருவன் இறங்கினான்.

"எங்கண்ணன் எழுந்து பாலித் தீவுக்கு டூர் போறான் போல," என்றாள் நோரீன். சிரிக்கவில்லை.

எல்லோரும் திரும்பி அடித்துப் பிடித்துக் கல்லறைக்குப் போனபோது பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது. சவ அடக்கக் கம்பெனியின் கூலியாட்கள் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களின் மேலாள், சலவை மடிப்புக் கலையாத கோட்டோடு, ஓடி வந்தான்.

"மன்னிக்கணும் சார், அடுத்த அடக்கத்துக்கு ஆளுங்க வந்துட்டாங்க. அதான் காத்திருக்க முடியல. உங்களுக்கு வழியில என்னாச்சு? ஃப்ரீவே இன்னைக்கு வெண்ணெய் மாதிரி இருந்துச்சே. நாங்க சீக்கிரமே வந்துட்டோம்."

"இருக்கும்டா. எங்களயெல்லாம் கீழ நிறுத்தி வச்சா வெண்ணெயாத்தான் இருக்கும்!" அந்த அழகான புல்தரையில் காறித் துப்பினேன்.

அவன் முகத்தைச் சுளித்தான். நோரீன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு எங்க தெரியப்போகுதுன்னு மட்டும் சொல்லிடாத, கிளாரி," என்றாள். "உன் தோள் எது, கூலிக்காரன் தோள் எதுன்னு அவனுக்குத் தெரியும்."