முகம் தெரியாத டிபி

1

“இவனைப் பாருடி. ஸ்கீ கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டிருக்கான், ஒரு முடி கலையல. இவன் சறுக்க வரல, மலைமேல சாப்பாட்டுக் கடைல உக்காந்து சூப் குடிக்க வந்திருக்கான்.”

“ரெண்டாம் குழு. அடுத்தது?”

“நாயோட போட்டோ.”

“விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே எந்திரிக்கிற ஆளு. ஒண்ணாம் குழு. நாய்க்கு வேணா மூணு குடுக்கலாம்டா.”

பேசுவது காஸியனும் புர்கியும். ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியின் ஆசிரியர்கள். நான் அங்கே ஸ்கீ காலணி வாடகைக்குக் கொடுப்பவன். வாட்ஸாப் டிபியில் இருக்கும் படத்தைப் பார்த்து ஆளின் சறுக்கைச் சொல்லும் இந்த விளையாட்டைச் சிரிப்புக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அது ஏன் சிரிப்பாக வரவில்லை என்பதைக் கடைசியில்... இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

ஞாயிறு காலையில் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆசிரியர்கள் முன் கொஞ்சம் சறுக்கிக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் குழு பிரிப்பது; ஒன்று புதியவர்களுக்கு, நாலு தேர்ந்தவர்களுக்கு. அன்று மூடுபனி, நீட்டிய கை தெரியவில்லை. அதனால் கைபேசியில் டிபியைப் பார்த்தே பிரித்தார்கள்.*

* “உங்களுக்குச் சறுக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கலாமே” என்பீர்கள். கேட்டால் எல்லாருமே “நல்லா வரும்” என்பார்கள். அதனால் இங்கே யாரும் கேட்பதில்லை.

எக்கார்ட் என்ற பெயருக்குரிய படத்தில் ஓர் உருவம் மேட்டிலிருந்து பறந்துகொண்டிருந்தது. தலைக்கவசம், கண்ணாடி, மீதி முகம் முழுக்கப் பனித்தூள்.

புர்கி விசிலடித்தாள். “பேய்டா இது! நம்ம வடக்கு மேடுதான். நாலாம் குழு. எனக்குத்தான்.”

3

புர்கி அழகானவள், துடுக்கானவள், அவள் கண்கள்

வேண்டாம். கண்கள் எப்படி இருந்தால் என்ன. அவள் ஆட்களைச் சட்டென்று கணிப்பாள். கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். அதுதான் சிக்கல்.

திங்களன்று வெயில் வந்தது. மலைக்கு மேலே போனால் எங்களுக்கு எல்லோரும் ‘நீ’தான். கீழே நீதிபதியாக இருந்தாலும் மேலே ‘நீ’.

“எக்கார்ட், முதல்ல நீ பற! டிபில பாத்தேன்ல!”

அவர் நகரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துவைத்து நின்றார், முதல்நாள் வகுப்புக் குழந்தைகள் நிற்பதுபோல.

“அது நானில்ல,” என்றார். “என் மக. இம்கே.”

“அவ வரலியா?”

“போன வசந்தத்துல போயிட்டா. கேன்சர்.”

[இங்கே காற்றைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அன்று காற்றே இல்லை.]

உதவிக்கு வந்திருந்த காஸியன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டான்.

“நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள் புர்கி. மேலே நின்று அவள் ஒருவரை ‘நீங்க’ என்றது அதுதான் முதல்முறை.

“நீங்களாத்தான நாலாம் குழுன்னு போட்டீங்க. அவ வருஷா வருஷம் வந்த குழு. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அந்த மேடு எங்க இருக்கு? பறக்கல்லாம் வேணாம். கொஞ்ச நேரம் அங்க நின்னாப் போதும்.”

4

மேடு வலதுபக்கச் சரிவின் பாதியில் இருக்கிறது. அங்கே போனால் அடிவாரம்வரை சறுக்கித்தான் இறங்க வேண்டும். நடுவில் ஏறிக்கொள்ள எதுவும் கிடையாது. அவருக்கோ ஒழுங்காகத் திரும்பக்கூடத் தெரியாது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. இடதுபக்கம், கீழே இறக்கிவிடும் கேபிள் கார்.

முடிவு அ: இடது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடி புர்கி மேட்டை விரலால் காட்டுகிறாள். மூடுபனி அதை மறைத்துவிட்டிருக்கிறது. தெரிந்ததுபோல அவர் தலையாட்டுகிறார். பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறார். அவ்வளவுதான்.

முடிவு ஆ: வலது. அவர் நீட்டிய ஸ்கீ ஊன்றுகோல்களின் நுனியைப் பிடித்தபடி, அவரைப் பார்த்துப் பின்பக்கமாகவே சறுக்கி இறங்குகிறாள். மேட்டில் நிற்கிறார்கள். அவர் கையுறையைக் கழற்றிப் பனியைத் தொடுகிறார். பிறகு மூடுபனி வந்துவிடுகிறது, அதற்குக் கீழே

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். புர்கிதான் எழுத விடவில்லை. “எழுதுனா, நான் பண்ணது சரியா தப்பான்னுதான் பாப்பாங்க. அங்க நிக்கறப்ப ஒண்ணுமே தெரியாதுடா,” என்றாள். அவளுடைய டிபியில் இப்போது படமே இல்லை. வெறும் சாம்பல் வட்டம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். மூடுபனி ஏறிக்கொண்டிருக்கிறது, அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இடதா, வலதா?