கல் குத்தியபோது

சாந்தா ரொசாலியா மாதாவின் மலையில் குகனேஸ்வரி வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் முன்னால் போன புருசன் விக்னராஜாவின் பாதங்களை விட்டு விலகவில்லை.

அவனுக்குக் காசநோய். முதல்தரம் மருந்தை இடையில் விட்டதால், அது இப்போது சாதாரண மருந்துக்கு மசியாத காசநோய். "இந்தமுறையும் விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். புதுக் குளிசையோ அவன் பாதங்களை விறைக்கப் பண்ணியது. கோடையில் இதே மலையில் காலில் கண்ணாடித் துண்டு ஏறியும் அவனுக்குத் தெரியவில்லை; இரத்தத்தைக் கண்டு அலறியவள் அவள்தான். கால் சுகமாக வேண்டுமென்று அன்றைக்கே நேர்த்தி வைத்தாள். இன்றைக்கு வரவேண்டுமென்று விடாப்பிடியாக நின்றவன் அவன்.

வளைவில் அவன் துள்ளினான்.

"குகா, கல் குத்துதடி! மாதா கால் தந்திட்டா!"

பின்னால் வந்த சனம் கும்பிட்டது. அவள் மட்டும் கும்பிடவில்லை. விடியவே வெள்ளைக்கார எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்கு ஓடுகிறவள், அவன் குளிசை போடுவதைக் கண்ணால் கண்டு எவ்வளவு காலம்!

கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாதா கிடக்கட்டும். குளிசையை எப்ப விட்டனீங்கள்?"

அவன் சிரிப்பு அடங்கியது.

"விறைச்ச காலோட சாப்பாட்டுக்கடையில நிண்டு கோப்பை கழுவேலுமோடி? ஆர் எனக்கு வேலை தருவினம்?" என்று கேட்டவனை, இருமல் மேலே பேசவிடவில்லை.