தறி நிற்கும் வியாழன்

“நவநாள்ல ஒரு நாளை அவங்களுக்குக் குடுங்க.”

கேட்டேவிட்டேன். கோயிலை நடத்தும் பேரவையின் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் பேசு, நாள் மட்டும் கேட்காதே என்று அப்பா வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்திருந்தார். என் அப்பா லாசர் இங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கேட்டைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவர். பேரவை நினைத்தால் நாளைக்கே வேறு ஆளை வைக்கலாம்.

எங்கள் குமாரபாளையம் கோயிலில் அந்தோனியார் திருவிழாவுக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள். ஒவ்வொரு நாள் மாலைப் பூசையும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பூ, மைக்செட், பொங்கல் அவர்கள் பொறுப்பு. ஃபாதர் அவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார். இதற்கு உபயம் என்று பெயர். தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கு வரும். எங்கள் தெருவுக்கு ஒரு நாளும் கிடையாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்டது ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே தறி ஓட்டுகிறவர்களுக்காக.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, பி.காம். நூல் கடையில் பில் போடுகிறேன். போன மாதம் நூல் கோன் வந்து இறங்கிவிட்டதா என்று பார்க்க சேவியர்ராஜ் அண்ணன் பட்டறைக்குப் போனேன். இருபத்துநான்கு தறி அடிக்கும் சத்தத்துக்குள் யாரோ பாடுவது கேட்டது. அனிமா என்ற பெண். அறுந்த இழையை முடிந்துகொண்டே பாடினாள். பக்கத்துத் தறிக்காரன் அடுத்த அடியை எடுத்தான், அவனுக்கு அடுத்தவன் அதற்கடுத்ததை. நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவள், கழுத்திலிருந்து ஜெபமாலையை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“சர்ச்?” என்று கேட்டேன்.

“டூட்டி,” என்றாள்.

ராத்திரி ஷிப்ட் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முடியும். எங்கள் பூசை ஏழு மணிக்கு. ஓடி வந்தால் பூட்டிய கேட். அதற்கு முன்னால் ரோட்டிலேயே முழங்காலிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்களாம். வருடா வருடம் மறைபரப்பு ஞாயிறு என்று கண்காணாத தேசத்துக்காக ஜெபிக்கிறோம். எங்கள் கேட்டுக்கு வெளியே முழங்காலிட்டவர்களை ஒருத்தரும் பார்த்ததில்லை. நானும்தான்.

பேரவைத் துணைத் தலைவரான சேவியர்ராஜ் அண்ணன் சிரித்தார். “ஏம்புள்ள ஜோஸ்லின், வடக்கத்திக்காரனுக்கு உபயமா? உங்க தெருவுக்கே இல்லீன்னு தெரியுமில்ல?”

“நல்லாத் தெரியுங்கண்ணா. தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

கதவோரம் நின்றிருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒம்பது நாளுக்கும் ஆளிருக்குது. பத்தாவது நாள் வேணும்னா அந்தோனியாருகிட்டப் போயிக் கேளு.” கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. “வெளியூர்க்காரனைக் கூட்டம் சேத்தா மதம் மாத்தறோம்னு ஊருக்குள்ள பேச்சுக் கெளம்பும். நீயா பதில் சொல்லுவ?”

“யாருங்கண்ணா யாரை மாத்தறது? அனிமாவோட பாட்டன் காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கியாச்சு. மாறோணும்னா நாமதான் மாறோணும்.”

ஃபாதர் ஆண்ட்ரூஸ் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “அடுத்த வருசம் பாக்கலாம்மா,” என்றார். நல்லவர். நல்லவர்கள் எல்லோரும் அடுத்த வருடத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

“அதுவுமில்லாம சாயங்காலம் ஷிப்ட்டு ஓடுதுங்க ஃபாதர்,” என்றார் சேவியர்ராஜ் அண்ணன். “தறியை நிறுத்தீட்டா பூசைக்கு உடறது?”

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். காலையில் கடைக்கு மின்வாரியத்திலிருந்து மெசேஜ் வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. வியாழன், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நவநாளின் ஆறாம் நாள் அது. உபயம் எல்லாம் மாலைக்குத்தான். காலை யாருக்கும் சொந்தமில்லை. பூட்டிய கதவையே இடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒன்று திறந்தே கிடக்கிறது.

“சாயங்காலம் எங்களுக்கு வேண்டாங்க,” என்றேன். “உங்க நாளை நீங்களே வெச்சுக்கங்க. வியாழக்கெழமை காலைல பத்து மணிக்குப் பூசை வைக்கட்டும். அன்னிக்குக் கரண்ட் இல்லீங்கண்ணா. தறி தானா நிக்கும்.”

சேவியர்ராஜ் அண்ணன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“ஜெனரேட்டர் போட்டு ஓட்டுவேன்.”

மாதர் சங்கத் தலைவி அக்சிலியா அக்காவுக்கும் தறி உண்டு. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏனுங்க, போன மாசம் கரண்டு போனப்ப ஊட்டு ஃபேனுக்கே ஜெனரேட்டர் போடாதவரு, தறிக்குப் போடறீங்களாக்கும்!”

“அன்னிக்குத்தான் தறிக்கு எண்ணெய் உடோணும், பட்டறையைக் கூட்டோணும்.”

“ஒரு மணி நேரத்துல உங்க தறி துருப்புடிச்சுப் போயிராதுங்க.”

“மைக் இருக்காது புள்ள! ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்காது.”

“அவங்களுக்கு எதுக்குங்கண்ணா மைக்? உங்க தறி அத்தனையும் ஓடறப்பவே பாடறவங்க.”

ஃபாதர் பக்கம் திரும்பினேன். “காலைல பூசை வைக்க நீங்க யாரையாச்சும் கேக்கோணுங்களா ஃபாதர்?”

அவர் சேவியர்ராஜ் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னை. “யாரையும் கேக்க வேண்டியதில்லம்மா.”

“அப்ப வெப்பீங்களா, மாட்டீங்களா?”

“வைக்கிறேன்,” என்றார். ஒரு நொடி கழித்து, “பாட்டு அவங்க பாஷையிலயே இருக்கட்டும்,” என்றார்.

சேவியர்ராஜ் அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “இனி ஞாயித்துக்கெழமை மறைக்கல்வி கிளாஸ் எடுக்க நீ வர வேண்டாம். உங்கப்பன் வேலை நிக்குதான்னும் பாத்துக்க.”

என் வகுப்புப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. வலித்தது. அப்பாவைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் குரல்தான் வந்தது.

“வியாழக்கெழமை மணி நாந்தான் அடிப்பேனுங்க. அதுக்கப்பறம் வேண்ணா வேற ஆளைப் பாருங்க.”

இத்தனை வருடத்தில் அந்த அறையில் அப்பா பேசியது அதுதான் முதல் தடவை. முழுசாகச் சொல்லி முடித்தார். அக்சிலியா அக்கா, “நான் பூ கொண்டாரேன்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் எழுந்தேன். “கிளாசை நீங்களே வெச்சுக்கங்கண்ணா. தறிக்காரங்க லைன் வீட்டுல அனிமா புள்ளைங்களும் இன்னும் பல புள்ளைங்களும் சும்மா சுத்திட்டிருக்குதுங்க. நான் அங்க எடுத்துக்கறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும், அதுக்குள்ள போயிச் சொல்லோணும். வாரேனுங்க ஃபாதர்.”

“கூட்டம் இன்னும் முடியல, உக்காரு புள்ள!” என்று சேவியர்ராஜ் அண்ணன் முதுகுக்குப் பின்னால் கத்தினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவருடைய பட்டறையைப் பார்த்தே நடந்தேன்.