வந்தேறி என்றால் பத்து வருஷம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குக் கூட்டம் போட ஒரு காரணம் கிடைத்தால் போதும், டீயும் பிஸ்கட்டும் தானாக வந்துவிடும். அன்றைக்குக் கிடைத்த காரணம் நான். நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. தரைத்தளத்தில் காலியாகக் கிடக்கும் என் இன்னொரு வீட்டைக் குழாய் வேலை பார்ப்பவருக்கு வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தேன். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். இப்போது அவர்கள் இருப்பது வேறொரு கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி.

"வந்தேறிங்களை உள்ள விட்டா கட்டடத்தோட மரியாதை என்னாகுறது?" என்றார் செயலாளர். இனிமேல் அவர்களுக்கு வீடு கிடையாது என்று விதியாகவே எழுதிவிடலாமாம். கூட்டக் குறிப்பு நோட்டு என்னிடம்தான் இருந்தது. இவர்கள் உளறுவதை நல்ல தமிழில் எழுதுவது மூன்று வருஷமாக என் தலையெழுத்து.

"வந்தேறின்னா யாருன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"வெளியூர்லேருந்து வந்தவங்க."

ஓய்வுபெற்ற மேனேஜர் இருமினார். அவர் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். "முப்பது வருஷத்துக்குள்ள வந்தவங்கன்னு போடுங்க." கடை போட வந்த மருந்துக்கடைக்காரர் அதை இருபதாக்கினார். செயலாளர் தன்னுடைய பதினாலை வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்துவிட்டுப் பத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தன் தலை தப்பியதும் ஆளாளுக்குக் கணக்கு சரியாகப் பட்டது. காய்கறி பேரம்கூட இவ்வளவு வெட்கமில்லாமல் நடக்காது.

"நான் வந்து ஒன்பது வருஷம்தான் ஆகுது" என்றேன்.

"நீங்க கல்யாணமாகி வாழ வந்தவங்கம்மா. அது வேற."

ஆக, ஒருத்தர் மாற்றலாகி வந்தவர், ஒருத்தர் தொழிலுக்கு வந்தவர், நான் வாழ வந்தவள். வந்து இறங்கிய பஸ் மட்டும் எல்லாருக்கும் ஒரே பஸ்தான்.

பத்து வருஷம் என்று எழுதி நோட்டை நீட்டினேன்; எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். குழாய்க்காரர் வந்து எத்தனை வருஷம் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் பேச்சை வைத்தே நாலு, அஞ்சு என்று முடிவு கட்டியிருந்தார்கள். செயலாளர் வீட்டுக் குளியலறை ஒழுகலைப் பார்க்க வந்து, பையோடு வாசலில் காத்திருந்தவரை நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாறு வருஷம்க்கா. இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுறப்ப வந்தேன். மொதல் குழாய் நான் போட்டதுதான்."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. செயலாளர் என் பக்கம் குனிந்தார். "வருஷத்தை அடிச்சிடுங்க. வந்தேறின்னா யாருன்னு நமக்குத் தெரியாதா?" எல்லாரும் தலையாட்டினார்கள். குழாய்க்காரர் அங்கேயேதான் நின்றிருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அடிக்கவில்லை. கையெழுத்தான குறிப்பின் நகலை லிஃப்டுக்குள் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டினேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த விதிப்படி நம் கட்டடத்தில் உள்ள ஒரே வந்தேறி, மூன்றாம் மாடி வீட்டுக்காரி."

மறுநாள் காலையில் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க என் வாசலில் நின்றார். "என்னம்மா இது, நாலு பேர் பாக்குற இடத்துல? உங்களையா சொன்னோம்?"

அந்த வார்த்தைக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. 'உங்களையா சொன்னோம்' என்று யார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்ல மாட்டார்களோ, அவர்தான் வந்தேறி.

"இதையே குழாய்க்காரர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. கிழிச்சிடறேன்" என்றேன்.

அவர் படியில் இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை குழாய்க்காரர் மனைவி வாக்கரைப் பிடித்தபடி, ஒரு படிகூட ஏறாமல், தரைத்தள வீட்டுக்குள் நடந்தாள். செயலாளர் வீட்டிலிருந்து அந்தக் கதவுக்கு இரண்டு மாடி இறங்கினால் போதும். மூன்று மாதமாகிறது. தாள் இன்னும் லிஃப்டில்தான் இருக்கிறது.